கைதட்டலும் கைவேலையும்



கலை விமர்சனத்துக்கென ஏற்படுத்தப்பட்ட சொற்பொழிவு இது. இதில் ஆடையைப் பற்றிப் பேசலாமா என்று அமைப்பாளர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். தாராளமாகப் பேசுங்கள் என்றார்கள். அந்தத் தைரியத்தில் பாரிஸ் நகரத்துக் கூத்யூர் ஆடைகளை, அதாவது ஆளின் அளவுக்கே தைக்கும் உயர்தர ஆடைகளை, எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், பாரிஸில் கூத்யூர் வாரம் நடக்கிறது. அநேகமாக ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தொகுப்பு ஊர் வாயில் விழுந்து எழுகிறது. 2024 ஜனவரி 25 அன்று இரவு, சேன் நதியின் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்துக்கு அடியில், மெசோன் மார்ஜியேலா நிறுவனத்துக்காக ஆடை வடிவமைப்பாளர் ஜான் கலியானோ நடத்திக் காட்டிய தொகுப்பு அப்படிப்பட்டது. அரங்கில் இருந்தவர்களும் பாராட்டினார்கள். கைப்பேசியில் மட்டும் பார்த்தவர்கள் அவர்களைவிட உரக்கப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் சரக்கு எவ்வளவு, ஆரவாரம் எவ்வளவு? புதுமை உண்மையிலேயே இருந்ததா? வேலைப்பாடு இருந்ததா? இன்றைய பேச்சு இந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆடையின் புதுமையை அது காட்டும் படத்தில் தேடினால் ஏமாந்துபோவோம். தையலில் தேட வேண்டும். தட்டையான துணியைக் கொண்டு, வளைவும் அசைவும் உள்ள உடம்பை எப்படி மூடுவது? தையற்கலையின் மூலக் கேள்வி அது. அதற்கு அதுவரை யாரும் தராத விடை ஒன்று கிடைத்தால் அது புதுமை. அந்த விடையைப் பிசகில்லாமல் துணியில் நிறைவேற்றினால் அது வேலைப்பாடு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, காலம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்ட சில தொகுப்புகளை முதலில் பார்ப்போம். பிறகு பாலத்துக்கு அடியில் போவோம்.

கூத்யூர் என்பது என்ன?

சார்லஸ் பிரடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் 1858-இல் பாரிஸில் தம் தையலகத்தைத் திறந்தார். வாடிக்கையாளர் சொல்வதைத் தைத்துக் கொடுப்பது தையற்காரர் வேலை என்றிருந்த காலம். வொர்த் தாமே மாதிரிகளை உருவாக்கினார். பெண்களின் மேல் அணிவித்துக் காட்டினார். ஆடைக்குள்ளே தம் பெயரைத் தைத்தார். ஓவியர் கையெழுத்திடுவதைப் போன்ற காரியம் அது. ஆடைக்கு ஆசிரியர் உண்டு என்ற எண்ணம் அங்கே தொடங்குகிறது. 'இது உன் சொந்தச் சரக்கா?' என்ற கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது.

'ஓத் கூத்யூர்' என்ற பெயர் 1945 முதல் பிரான்ஸில் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. நினைத்தவரெல்லாம் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. பாரிஸில் சொந்தத் தையலகம் வேண்டும். அதில் முழுநேரத் தொழிலாளர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் அளவுக்கு, ட்ரையல் பார்த்து, தைத்துக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தொகுப்புகள் காட்ட வேண்டும். தையலகத்துக்குள் இரண்டு பிரிவுகள். உடம்பின் மேல் வழியும் மெல்லிய துணிகளைக் கையாள்வது ஒன்று. கோட்டு, ஜாக்கெட்டு என்று நிமிர்ந்து நிற்கும் ஆடைகளைத் தைப்பது மற்றொன்று. இரண்டிலும் முதலில் காடாத்துணியில் மாதிரி தைத்துப் பார்த்த பிறகுதான் விலை உயர்ந்த துணியில் கத்தரி விழும்.

ஆகவே அரங்கில் நாம் பார்ப்பது முடிந்துபோன வேலை. வேலை நடந்த இடம் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆரவாரம் புகுந்துகொள்வது இந்த இடைவெளியில்தான்.

பழமைக்குப் 'புதிது' என்ற பெயர்

1947 பிப்ரவரி 12. மோந்தேன் அவென்யூ, 30ஆம் எண் வீடு. கிறிஸ்தியன் தியோர் தம் முதல் தொகுப்பைக் காட்டுகிறார். ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் ஆசிரியை கார்மல் ஸ்னோ அதற்கு 'நியூ லுக்' என்று பெயர் வைத்தார், பெயர் நிலைத்துவிட்டது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. துணிக்கு இன்னும் ரேஷன். அந்த நேரத்தில் கெஜக் கணக்கில் துணி விழுங்கும் பாவாடைகள் வந்தன. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எதிர்ப்புக் கிளம்பியது. தியோருக்கு முதலீடு செய்தவர் மார்செல் புசாக், பெரிய பருத்தி ஆலை முதலாளி. துணி கூடுதலாகச் செலவானால் அவருக்கு நஷ்டமில்லை என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

அந்த உருவம் புதியதா? ஒடுங்கிய இடை, விரிந்த பாவாடை, உருண்ட தோள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீமாட்டிகளின் உருவம் அது. காட்சியளவில் அது பின்னோக்கிய பயணம்தான். ஆனால் அந்தத் தொகுப்பின் பேர்பெற்ற 'பார்' ஜாக்கெட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். இடைக்குக் கீழே விரியும் பகுதிக்குள் பஞ்சு வைத்து, அணிந்தவளின் இடுப்பு எப்படி இருந்தாலும் ஜாக்கெட்டே ஓர் இடுப்பை உண்டாக்கிக்கொள்ளும்படி தைத்திருந்தார்கள். அப்போது தியோரின் தையலகத்தில் வேலை செய்தவர், பின்னாளில் தாமே பெரும் பெயர் பெற்ற பியேர் கார்தேன். பத்திரிகைகள் புதிது என்று கொண்டாடியது பழைய உருவத்தை. புதிதாக இருந்தது உள்ளே இருந்த கட்டுமானம்.

இரவல் ஓவியம், சொந்தத் தையல்

அடுத்தது 1965. ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லொரானுக்கு அப்போது 29 வயது. அந்த ஆண்டு இலையுதிர்காலத் தொகுப்பில், டச்சு ஓவியர் பீட் மோந்த்ரியானின் ஓவியங்களைத் தழுவிச் சில கவுன்களைக் காட்டினார். வெள்ளைப் பரப்பு, கறுப்புக் கோடுகள், சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். மோந்த்ரியான் 1944-இலேயே இறந்துவிட்டார். செப்டம்பர் மாதப் பிரெஞ்சு வோக் இதழின் அட்டையில் அந்தக் கவுன் வந்தது. அதற்குப் பிறகு அதைப் பார்க்காத கண் இல்லை.

புதுமை எங்கே இருக்கிறது என்று இங்கே கேட்பது எளிது; பதில் சொல்வதுபோலத் தோன்றுவதும் எளிது. படம் இரவல். கவுனின் உருவமோ கையில்லாத, முழங்கால் வரை நேராக இறங்கும் சாதாரண உருவம். அந்தக் காலத்தில் எல்லோரும் தைத்ததுதான். அப்படியானால் சான் லொரான் செய்தது என்ன?

தையலைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அது அச்சடித்த துணி இல்லை. ஒவ்வொரு நிறக் கட்டமும் தனித்தனிக் கம்பளி ஜெர்சித் துண்டு. கறுப்புப் பட்டைகளும் தனித் துண்டுகள். எல்லாவற்றையும் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் வருகிறது. பெண்ணின் உடம்பில் நேர்கோடு கிடையாது. மார்புக்கும் இடைக்கும் இடம் கொடுக்கத் தையற்காரர் டார்ட் பிடிப்பார். துணியைக் கிள்ளி மடித்துத் தைப்பார். மோந்த்ரியான் கட்டத்துக்கு நடுவே ஒரு டார்ட் விழுந்தால் ஓவியம் செத்தது. டார்ட் பிடிக்காமல் விட்டால் கவுன் சாக்கு மூட்டைபோலத் தொங்கும், கோடுகளும் உடம்பின் மேல் வளைந்துபோகும். என்ன செய்தார்கள்? உடம்புக்கு வேண்டிய வளைவு அத்தனையையும் கறுப்புக் கோடுகள் ஓடும் தையல்களுக்குள் ஒளித்துவிட்டார்கள். துண்டுகள் சேரும் இடத்திலேயே வடிவமும் உண்டாகிவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்குக் கோடு நேராக ஓடுகிறது. அணிந்தவர் உடம்பில் துணி பொருந்தி நிற்கிறது. ஓவியத்தில் அலங்காரமாக இருந்த கோடு, கவுனில் தாங்கும் கோடாக மாறிவிட்டது.

மலிவு நகல்கள் விரைவிலேயே கடைகளில் குவிந்தன. படத்தை எல்லோராலும் நகலெடுக்க முடிந்தது. கோடுகளுக்குள் ஒளித்திருந்த வளைவை மலிவு விலையில் எடுக்க முடியவில்லை. ஒரு தொகுப்பின் உண்மைச் சரக்கு எது என்று கண்டுபிடிக்க நகல்கள் நல்ல உதவி. நகலில் எது காணாமல் போகிறதோ அதுதான் மூலத்தின் சொத்து. கல்யாணி ராகம் யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்கப்படவில்லை. ஆனால் இன்னாருடைய கல்யாணி என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதே கணக்குத்தான் இங்கேயும்.

சான் லொரானின் பிற்கால வழக்கு ஒன்றும் இதே திசையைக் காட்டுகிறது. கையில்லாத டக்ஸீடோ கவுன் ஒன்றை நகலெடுத்ததாக அமெரிக்காவின் ரால்ப் லாரன் நிறுவனத்தின்மேல் அவருடைய நிறுவனம் வழக்குப் போட்டது. 1994-இல் பாரிஸ் வணிக நீதிமன்றம் சான் லொரான் பக்கம் தீர்ப்பளித்தது. டக்ஸீடோ என்பது ஆண்களின் விருந்து உடை. யாரும் உரிமை கொண்டாட முடியாத பொதுச் சொத்து. அதைப் பெண்ணின் உடம்புக்கு மாற்றியமைத்த விதத்துக்கே அங்கே மதிப்புக் கிடைத்தது.

மணிக்கணக்கு எதைச் சொல்கிறது?

இப்போது எதிர்ப்பக்கம். அதே சான் லொரான், 1988 ஜனவரி. வான்கோவின் 'சூரியகாந்தி', 'ஐரிஸ்' ஓவியங்களைத் தழுவிய இரண்டு ஜாக்கெட்டுகள். பூவேலை செய்தது பாரிஸின் புகழ்பெற்ற லெசாஜ் பூவேலையகம். ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் ஏறத்தாழ 600 மணி நேரக் கைவேலை ஆயிற்று என்கிறார்கள். தூரிகையின் தடிப்பான வீச்சுகளை ஜமிக்கியாலும் மணியாலும் நாடாவாலும் அடுக்கி அடுக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரே இதழுக்குள் நிறம் மெல்ல இருண்டு போவதைப் பார்த்தால் வாய் பிளந்து நிற்போம். கூத்யூர் பூவேலையின் உச்சங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் ஜாக்கெட்டைப் பாருங்கள். பூவேலையைக் கழித்துவிட்டால் மிச்சம் நிற்பது தோள் எடுப்பான ஒரு சாதாரண ஜாக்கெட்டு. உடம்பு அங்கே சட்டம் மாட்டிய சுவர். காலத்தையும் கவனியுங்கள். 1987 மார்ச்சில் வான்கோவின் ஒரு சூரியகாந்தி ஓவியம் லண்டன் ஏலத்தில் அதுவரை இல்லாத விலைக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் ஐரிஸ் ஓவியம் நியூயார்க்கில் 5 கோடியே 39 லட்சம் டாலருக்குப் போய் அதையும் மிஞ்சியது. இரண்டு மாதம் கழித்து ஜாக்கெட்டுகள் மேடைக்கு வருகின்றன. உலகம் பேசிக்கொண்டிருந்த இரண்டு படங்கள் தோளில் ஏறிவிட்டன.

1965-ஐயும் 1988-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நம் கேள்வி தெளிவாகிறது. இரண்டிலும் ஓவியம் இரவல்தான். ஒன்றில் ஓவியம் தையலாயிற்று. மற்றொன்றில் தையலின் மேல் ஒட்டிக்கொண்டது. மணிக்கணக்கை வைத்து எடைபோட்டால் 1988 ஜெயிக்கும். மணிக்கணக்கு பொறுமைக்குச் சாட்சி, செலவுக்குச் சாட்சி, யோசனைக்குச் சாட்சியாகாது. இன்றைக்கு ஒவ்வொரு நிறுவனமும் 'இந்த ஆடைக்கு இத்தனை ஆயிரம் மணி நேரம்' என்று செய்திக்குறிப்பு அனுப்புகிறது. பத்திரிகைகளும் அப்படியே போடுகின்றன. எண்ணைப் படித்ததும் விமர்சனம் முடிந்துவிட்டதாக நினைப்பது சோம்பல்.

2023 ஜனவரியில் ஸ்கியாபரெல்லி நிறுவனத்துக்காக டேனியல் ரோஸ்பெரி காட்டிய சிங்கத்தலைக் கவுன் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தாந்தேயின் 'நரகம்' காவியத்தில் வரும் விலங்குகளை வைத்துச் செய்த தொகுப்பு. நுரைப்பஞ்சிலும் செயற்கை ரோமத்திலும் கையால் செய்த தலை. அதன் பின்னால் ஒரு கறுப்பு வெல்வெட் கவுன். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கைலி ஜென்னர் அதே ஆடையை அணிந்துகொண்டு பார்வையாளராக வந்து அமர்ந்தார். வேட்டையைப் போற்றுகிறதா இல்லையா என்று உலகமே விவாதித்தது. கவுன் எப்படி வெட்டப்பட்டிருந்தது என்று யாரும் பேசவில்லை. பேசவும் அதில் அதிகமில்லை.

பாலத்துக்கு அடியில்

இனி 2024. மெசோன் மார்ஜியேலாவின் பூர்வீகத்தை இரண்டு வரியில் சொல்லியாக வேண்டும். நிறுவியவர் பெல்ஜியத்துக்காரர் மார்ட்டின் மார்ஜியேலா. முகம் காட்டாதவர், பேட்டி தராதவர். 1991-இல் அவர் ராணுவக் காலுறைகளைப் பிரித்துச் சேர்த்து ஒரு ஸ்வெட்டர் செய்தார். காலுறையில் குதிகால் பகுதி பின்னும்போதே குழிவாக அமைந்துவிடும் அல்லவா? அந்தக் குழிவுகளை மார்பிலும் முழங்கையிலும் வரும்படி வைத்தார். டார்ட் தேவைப்படவில்லை, துணிக்குள் ஏற்கெனவே இருந்த வளைவே உடம்பின் வளைவாயிற்று. பொருள் மலிவு, ஜமிக்கியும் மணியும் ஒன்றுகூட இல்லை. என் அளவுகோலில் அந்த ஸ்வெட்டர் வான்கோ ஜாக்கெட்டுக்கு மேலே நிற்கிறது.

அந்த வீட்டுக்குத்தான் கலியானோ 2014-இல் வந்து சேர்ந்தார். யூத வெறுப்புப் பேச்சுக்காக 2011-இல் தியோரிலிருந்து வெளியேற்றப்பட்டு, பாரிஸ் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பும் பெற்றவர். 2024-இன் ஆரவாரத்தில் ஒரு பகுதி 'வீழ்ந்த மேதை எழுந்துவிட்டார்' என்ற கதையால் வந்தது. அவரைப் பற்றிய ஆவணப்படமும் அதே பருவத்தில் திரைக்கு வந்தது. மனிதருக்கு மன்னிப்பு உண்டா என்பது வேறு வழக்கு. தைத்த கோட்டு அந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாது.

தொகுப்பைப் பிரித்துப் பார்ப்போம். புகைப்படக் கலைஞர் பிரசாயின் இரவுப் பாரிஸ் படங்களிலிருந்து வந்த சூழல். மூச்சுமுட்ட இறுக்கிய கார்செட், திண்டு வைத்துப் பெருக்கிய இடுப்பு. பாட் மக்ராத் செய்த ஒப்பனையில் பீங்கான் பொம்மைபோல மின்னிய முகங்கள். கடைசியில் பொம்மையாகவே வந்த நடிகை க்வெண்டலின் கிறிஸ்டி. இதில் உருவம் புதிதில்லை; 1900 வாக்கிலான உடம்பு அது. நாடகப் பாணியும் புதிதில்லை; கலியானோ தொண்ணூறுகளில் தாமே வளர்த்த பாணிதான். அதிகம் பேசப்பட்டது முகம். அது ஒப்பனைக் கலைஞரின் சாதனை, தையலகத்தின் கணக்கில் வராது.

இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? கோட்டுகள். இங்கேதான் நான் கலியானோவுக்குத் தலைவணங்குகிறேன். மழையில் ஒருவன் கோட்டைத் தலைக்குமேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். இன்னொருவன் முகத்தை மறைக்கக் காலரைத் தூக்கிவிடுகிறான். மற்றொருவன் தேங்கிய தண்ணீரில் படாமல் கால்சட்டையை உயர்த்துகிறான். இந்த அசைவுகளை நடிகரின் பொறுப்பில் விடாமல் வெட்டிலேயே வைத்துவிட்டார்கள். ஆடையைக் கழற்றித் தொங்கவிட்டாலும் அந்த அசைவு அதிலேயே நிற்கும். சாதாரணமாக வெட்டு என்பது நிமிர்ந்து நிற்கும் உடம்பை மனத்தில் வைத்துச் செய்வது. குனிந்து, ஒடுங்கி, ஓடும் உடம்புக்காக வெட்டுவது மூலக் கேள்விக்கே வேறொரு விடை.

துணியிலும் ஒரு தந்திரம் உண்டு. கனத்த கம்பளிபோலத் தோன்றிய சில கோட்டுகள் உண்மையில் மெல்லிய வலைத்துணியையும் ஆர்கன்சாவையும் அடுக்கி, அவற்றின்மேல் கம்பளியின் தோற்றத்தை உண்டாக்கியவை. கண்ணுக்குக் கனம், உடம்புக்கு லேசு. இதையெல்லாம் கைப்பேசித் திரையில் பார்த்துவிட முடியாது. ஆகவே மிகச் சிறந்த வேலைக்கு மிகக் குறைவான பேச்சுத்தான் கிடைத்தது.

யாருடைய கை?

வேலைப்பாட்டைப் புகழும்போது ஒரு கேள்வியை விழுங்கிவிடுகிறோம்: கை யாருடையது? கூத்யூர் பூவேலையில் பயன்படும் லூனேவில் கொக்கி ஊசியும் நம் ஊர் ஆரி ஊசியும் ஒரே வேலையைச் செய்பவை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணிக்குள் கொக்கியை விட்டு நூலைச் சங்கிலியாக எடுப்பவை. லெசாஜ் குடும்பத்தின் வாரிசான ழான் பிரான்சுவா லெசாஜ் 1993-இல் சென்னையில் கூட்டாளிகளோடு வஸ்த்ரகலா என்ற பூவேலையகத்தைத் தொடங்கினார். 2021 ஜூலையில் தியோர் கூத்யூர் காட்சி நடந்த அரங்கத்தின் சுவர்களை மூடிய பூவேலை மும்பையின் சாணக்யா பட்டறையிலிருந்து போனது. மெச்சிய பத்திரிகைகள் வடிவமைத்த கலைஞரின் பெயரைப் போட்டன. ஊசி பிடித்தவர்களுக்குப் பெயர் இல்லை. வொர்த் தம் பெயரை ஆடைக்குள் தைத்து நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஆடைக்குள் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். புதுமை தையலில்தான் இருக்கிறது என்ற என் கட்சி சரியென்றால், தைத்தவருக்கும் ஆசிரியத்துவத்தில் பங்கு உண்டு. மோந்த்ரியான் கவுனில் அந்த வளைவைக் கோட்டுக்குள் ஒளித்த கைக்கும் அந்தப் பங்கு சேர வேண்டும்.

தீர்ப்பு

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். 2024 மார்ஜியேலா தொகுப்பு வேலைப்பாட்டில் முழு மதிப்பெண் பெறுகிறது. புதுமையில் பாதி பெறுகிறது: அசைவை வெட்டில் வைத்த கோட்டுகளுக்காகவும் கனத்தைப் பொய்யாக்கிய துணிக்காகவும். கார்செட்டுக்கும் பாலத்துக்கும் பொம்மை முகத்துக்கும் கிடைத்த கைதட்டல் அரங்க நிர்மாணத்துக்குச் சேர வேண்டியது. கூத்யூர் கணக்கில் அதை வரவு வைக்கக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜனவரியில் வேறொரு தொகுப்பு வரும். இதேபோல் ஊர் வாயில் விழும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படத்தை எடுத்துவிட்டால் ஆடையில் மிச்சம் என்ன? மலிவாக நகலெடுத்தால் காணாமல் போவது எது? தைத்தவர் யார்? பத்திரிகையில் எழுதப் போகிறவர்கள் மூன்றாவது கேள்வியின் பதிலைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே போடுங்கள். அருங்காட்சியகங்களில் வேலைக்குப் போகிறவர்கள், ஆடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் முன்பக்கம் காட்டி நிறுத்துவதோடு நின்றுவிடாமல், லைனிங்கைப் புரட்டி உள்தையலையும் காட்டுங்கள். அதைப் பார்க்கப் பழகிய கண்ணை எந்த ஆரவாரமும் ஏமாற்ற முடியாது.